பால்மாப் பேணியால் போட்ட கோடு

அடியில் ஆணியால் துளையிட்ட பெரிய பால்மாப் பேணி, வெறுந்தகர டப்பா. வாயோரத்தில் கம்பி கோத்து, அந்தக் கம்பியை இடுப்பளவு நீளமான ஒரு தடியில் முறுக்கிக் கட்டியிருக்கும். உள்ளே சுண்ணாம்புத் தூள். தடியை மெல்ல ஆட்டிக்கொண்டு நடந்தால் தூள் உதிர்ந்து புல்லின் மேல் வெள்ளைக் கோடு விழும். திருகோணமலையில் கடலோரமாக இருந்த எங்கள் உதைபந்தாட்ட மைதானத்துக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் கோடு போட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் அந்தப் பேணியை லீக்கின் செக்ரட்டரியின் கையில் கண்டேன். வெள்ளை முழுக்காற்சட்டை, மினுக்கிய கறுப்புச் சப்பாத்து. தூள் உடுப்பில் படக்கூடாதென்று கையை எட்டி நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்று அந்தத் தூளில் பாதியைக் கொண்டுபோய் அவருடைய சப்பாத்திலேயே கொட்டியது. நான் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அவர் அந்தப் பேணியைத் தூக்கக் காரணமே நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலே ஏதோ உறுத்தியது.

எங்கள் லீக்கைத் தொழில்முறை லீக் என்று சொன்னால் இன்றைக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மொத்தம் ஆறு அணிகள். நகரத்துக் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து நிர்வாகக் குழு அமைத்து, டிக்கெட் விற்று, விளையாடுகிறவனுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். நாங்கள் அதை மட்ச் காசு என்போம். எனக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர் வேலை இருந்தது, அதனால் அது கைச்செலவுக் காசு. மற்றவர்களுக்கு அப்படியில்லை. போரால் கடலுக்குப் போகத் தடை விழுந்த வாரங்களில், எங்கள் அணியின் மீன்பிடிக்காரர் நாலு பேருடைய வீட்டில் அடுப்பெரிந்தது அந்த மட்ச் காசில்தான். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து விளையாடிய பொடியன்களின் நிலையும் அதுவே.

செக்ரட்டரி ஓய்வுபெற்ற தலைமை இலிகிதர். முப்பது வருடம் அரசாங்க அலுவலகக் கோவைகளோடு குடும்பம் நடத்திய மனிதர், எங்களையும் கோவைகளாகவே பார்த்தார். ஜேர்சி காற்சட்டைக்குள் விட்டிருக்க வேண்டும். தொடங்க அரை மணித்தியாலம் முன்பே அணி வந்து கையெழுத்து வைக்க வேண்டும். லீக் தலைவர் நகரத்தில் பெரிய இரும்புக்கடை வைத்திருந்தவர். அவரையே வாசலில் மறித்து டிக்கெட் வாங்கச் செய்தவர் இவர். தலைவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ர மைதானத்துக்குள்ள போக நான் காசு குடுக்கிறன்" என்று முறைப்பாடு வைப்பார். ஒருநாள் இராணுவச் சோதனைச்சாவடியில் என்னை இறக்கி வைத்துக்கொண்டதால் நான் பிந்தி வந்தேன். தண்டம் போட்டார். காரணம் சொன்னேன். "சாவடி எல்லாருக்கும் ஒண்டுதான் தம்பி. நீங்கள் முந்தி வெளிக்கிட்டிருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரைக் கண்ணில் காட்ட ஏலாது. எங்கள் அணியின் காப்டனான என்னை ஆறு அணி விளையாட்டுக்காரரும் தங்கள் பேச்சாளராகத் தெரிவு செய்தபோது, அவரோடு மல்லுக்கட்ட ஒரு வாய்ப்பு வந்தது என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன்.

போர் இறுக இறுகச் சனம் கூட்டமாகச் சேரவே பயந்தது. வேலியோரம் நிறைந்து வழிந்த ஆட்டங்களுக்குக் கச்சான் கடலை விற்கிறவரும் இருபது முப்பது பேரும் என்றாகிவிட்டது. ஒருநாள் கொட்டகைச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தது: மட்ச் காசு இனிப் பாதி. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிர்வாகக் குழுவினர் மாதந்தோறும் எடுத்துவந்த படியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த நாள் கடற்கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளங்களுக்குப் பக்கத்தில் ஆறு அணியும் கூடியது. ஆத்திரத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு என் எழுத்தில் ஒரு கர்வம் உண்டு. வீட்டுக்குப் போய் மூன்று தரம் அடித்தடித்து எழுதினேன். அதில் நான் மிகவும் ரசித்த வசனம் இது: "லீக்கிடமிருந்து படியோ சம்பளமோ பெறும் ஒவ்வொருவருக்கும், மேலிருந்து கீழ்வரை, பாதியாகக் குறைக்கப்பட்ட பின்னரே எங்கள் பாதியை நாங்கள் ஏற்போம்." வாசித்துக் காட்டியதும் கடற்கரையே கைதட்டியது.

கடிதத்தைக் கொடுத்தும் பதில் வராமலே, அந்தச் சனிக்கிழமை எங்களுக்கும் மூதூருக்கும் ஆட்டம். இரண்டு அணியும் ஜேர்சியோடு இறங்கி நடுக்கோட்டின் இரு பக்கமும் உட்கார்ந்தோம். கொட்டகைக்குள் தலைவர் எழும்பி நின்று கத்தினார். செக்ரட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மத்தியஸ்தருக்குத் தலையசைத்தார். விசில் ஊதப்பட்டது. பந்து நடுவில் கிடந்தது. எவனும் தொடவில்லை. வெயில் தலையில் இறங்க நாற்பத்தைந்து நிமிடம் அப்படியே இருந்தோம். அரைநேர விசில் ஊதியதும், எப்போதும் போலவே, வெட்டிய தோடம்பழத் தட்டு எங்களைத் தேடி வந்தது. அனுப்பியவர் செக்ரட்டரி. மூதூர் கோல்காப்பாளர் என்னைப் பார்த்து, "தின்னலாமா காப்டன்?" என்று கேட்டான். "பழத்தோட எங்களுக்கென்ன கோபம்?" என்றேன். சாப்பிட்டோம். அடுத்து நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம் கலந்த சிரிப்பு வருகிறது. இரண்டாம் பாதிக்கு விசில் ஊதினார்கள். இருபத்திரண்டு பேரும் ஒன்றும் யோசிக்காமல் எழும்பி, பக்கம் மாறிப் போய், மறுபடியும் உட்கார்ந்தோம். வேலியோரம் நின்ற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வேலைநிறுத்தம் செய்கிறவன் அரைநேரத்துக்குப் பக்கம் மாறியது உலகத்தில் எங்களூரில் மட்டுமாகத்தான் இருக்கும். செக்ரட்டரி சிரிக்கவில்லை. மூதூர் அணி கடைசி லோஞ்சைப் பிடிக்க நேரத்தோடு ஆட்டத்தை முடித்து வைத்தார். ஆட்ட அறிக்கையில் அவர் எழுதியதைப் பிறகு வாசித்தேன்: "கோல் எதுவும் பெறப்படவில்லை. இரு அணிகளும் ஒழுங்காக நடந்துகொண்டன."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் லீக் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நிர்வாகக் குழு முழுவதும் இருந்தது. வாசலில் ஆறு அணியின் ஆட்களும் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் எல்லோரையும் தடைசெய்ய வேண்டும் என்று தலைவர் மேசையில் அடித்தார்.

"எந்த விதியில தடை செய்யிறது?" என்று செக்ரட்டரி கேட்டார். "நேரத்துக்கு வந்தவை. ஜேர்சி போட்டவை. கையெழுத்தும் வச்சவை. பந்தை உதைக்கத்தான் வேணுமெண்டு எங்கட விதியில எழுதேல்லை. அது எங்கட பிழை."

பிறகு என் கடிதத்தை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். என் அருமை வசனம் வந்த இடத்தில் நின்றார். "தம்பி, இந்த 'ஒவ்வொருவருக்கும், மேலிருந்து கீழ்வரை' எண்டது. யோசிச்சு எழுதினதோ?"

"ஓம் சேர்."

அவர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "இன்னொருக்கா வாசிச்சுப் பாக்கிறீங்களோ? வீட்டை கொண்டுபோய் நாளைக்குத் தந்தாலும் காரியமில்லை."

தண்டம் போட்ட மனிதர் இப்போது தன் படியைக் காப்பாற்றத் தவணை கேட்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. வாசலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டுமென்று உரத்தே சொன்னேன்: "தேவையில்லை சேர். அதில ஒரு சொல்லும் மாத்த ஏலாது."

"சரி" என்றார். நிர்வாகக் குழுவின் பக்கம் திரும்பி, கடிதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று பிரேரித்தார். விளையாடுகிறவனுக்குப் பாதி என்றால் கதிரையில் இருக்கிறவனுக்கும் பாதிதான் என்று அவர் சொன்னபோது தலைவர் முகம் கறுத்தது. பொருளாளர் கூரையைப் பார்த்தார். "என்ர படி முழுசாவே வேண்டாம். அதையும் அறிக்கையில எழுதுங்கோ" என்றார் செக்ரட்டரி கடைசியில். முழுவதையும் விட்டவருக்கு முன்னால் பாதியை விட மாட்டேன் என்று எவரால் சொல்ல முடியும்? இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தோம். அவர் படியை விட்டது வெறும் பெருமைக்கு என்று அன்றைக்கு என் கூட்டாளிகளிடம் சொல்லித் திரிந்தேன். அவர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை வரை போனார்கள்.

நாலாம் நாள் சனிக்கிழமை காலையில்தான் அந்தப் பால்மாப் பேணியை அவர் கையில் கண்டேன். கோடு போடுகிறவர் மைதானத்துக் காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்களூரில் அப்படித்தான் கூப்பிடுவோம். கிண்ணியாவிலிருந்து தினமும் படகில் துறை கடந்து, பஸ் பிடித்து வந்து, புல் வெட்டி, வலை கட்டி, கோடு போட்டுப் போகிற மனிதர். லீக் எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால் உண்மையில் அவரைத்தான் காட்ட வேண்டும். ஒருவழியாகச் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கிட்டப் போய், "காக்கா எங்க சேர்?" என்று கேட்டேன்.

அவர் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரும் லீக்கில சம்பளம் எடுக்கிறவர்தானே. வியாழக்கிழமை பாதிச் சம்பளம் எண்டு கடிதம் குடுத்தது. பாதி, துறை கடக்கவும் பஸ்ஸுக்குமே போயிடும். வேலையால நிண்டுட்டார். என்னை நல்லா ஏசிப்போட்டுத்தான் போனவர்."

மேலிருந்து கீழ்வரை. கீழே யார் இருக்கிறார் என்று நான் குனிந்து பார்த்திருக்கவே இல்லை. வீட்டில் மூன்று தரம் எழுதியபோதும் பார்க்கவில்லை. ஒன்றுக்கு இரண்டு தரம் அவர் கேட்டபோதும் பார்க்கவில்லை. "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே சேர்!" என்று, என் பிழைக்கு அவரிடமே கோபப்பட்டேன்.

அப்போதுதான் தடியை நிலத்தில் ஊன்றிவிட்டு நிமிர்ந்தார். "கேட்டனான். ரெண்டு தரம் கேட்டனான். அதுக்கு மேல அந்த இடத்தில சொல்ல ஏலாது தம்பி. வாசலில ஆறு அணியும் நிண்டது. அவைக்கு முன்னால உங்கட கடிதம் பிழை எண்டு நான் காட்டியிருந்தா தலைவருக்கு நல்ல சந்தோசமாயிருந்திருக்கும். ஆனா அடுத்த நாள் உங்கட கதையை ஆர் கேப்பினம்? விளையாடுறவையின்ர பக்கத்தில நம்பிக் கதைக்க ஒரு ஆள் எனக்கு வேணும். நீங்கள் இல்லையெண்டா நான் ஆறு அணியிலயும் ஒவ்வொருத்தரோட தனித்தனியாக் கத்த வேணும்."

"இப்ப என்ன செய்யிறது சேர்?"

"கையெழுத்து வச்ச ஒப்பந்தம். எங்கட பக்கத்தால ஒரு எழுத்தை மாத்தினா, தலைவரும் தன்ர பாதியைத் திருப்பிக் கேப்பார். கேட்டவை நீங்கள். நீங்கள்தான் மாத்தித் தரச்சொல்லிக் கேக்க வேணும்." சப்பாத்திலிருந்த தூளைத் தட்டினார். அது போகவில்லை. "காசுக்கு யோசிக்க வேண்டாம். என்ர படி அப்படியே கிடக்குது. பின்ன, அதை ஏன் முழுசா விட்டனான் எண்டு நினைச்சீங்கள்?"

நான் அவருடைய பெருமை என்று சொல்லித் திரிந்தது, என் பிழை எனக்குத் தெரியவரும்போது அதைத் திருத்தக் கையில் காசு இருக்கட்டும் என்று அவர் ஒதுக்கி வைத்தது. அதுவும் நான் அவரை எதிரியாக நினைத்து முகத்தில் அடித்தாற்போல் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில். எனக்கு அழுகை வந்தது. காற்றில் வந்த சுண்ணாம்பு கண்ணில் விழுந்தாற்போலப் பாவனை பண்ணினேன். அவரும் அதை நம்பினாற்போல மறுபக்கம் திரும்பிக்கொண்டு, "நகருங்கோ, கோட்டில நிக்கிறீங்கள்" என்றார்.

அன்றைக்கு ஆடவும் பார்க்கவும் வந்த ஆறு அணியையும் தொடங்குமுன் நடுக்கோட்டுக்கு அழைத்து, நானே வாய்திறந்து சொன்னேன். வாழ்க்கையில் அதைவிடக் கடினமான பேச்சை நான் பேசியதில்லை. ஏசினார்கள். ஏசத்தானே வேண்டும். தோளில் தூக்கியவர்களே கூட ஏசினார்கள். ஆனால் சொன்னது நானாகவே சொன்னது என்பதால் ஏச்சோடு முடிந்தது. காக்காவின் சம்பளத்தைப் பழையபடி ஆக்க வேண்டுமென்ற புதுக் கடிதத்தில் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். மூதூர் காப்டன் கடைசியாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினான். "சம்பளத்தைக் குடுத்தா மட்டும் வருவாரா? பிழை விட்ட ஆளே போய்க் கூட்டிட்டு வரட்டும்."

மறுநாள் சாவடிகளில் இறங்கி ஏறி, துறை கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். காக்கா வளவில் விறகு கொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணிக்குச் சொன்னார், ஆனால் கோடரியைக் கீழே வைக்கவில்லை. அந்த வசனத்தை எழுதியது நான் என்று சொன்னேன். செக்ரட்டரி தன் படியை விட்டதையும், அது எதற்காக என்பதையும், இனிப் பழைய சம்பளமே கிடைக்கும் என்பதையும் சொன்னேன். கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது.

"அப்ப நான் அந்த மனிசனைப் போய் ஏசிட்டு வந்திட்டன்" என்றார். பிறகு, "அவர் ஒரு வார்த்தை சொல்லல்லியே தம்பி. உங்கட பேரக்கூடச் சொல்லல்லியே" என்றார்.

அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். செக்ரட்டரி போட்டு வைத்திருந்த கோட்டை ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை பார்த்தார். கொட்டகைப் பக்கத்து எல்லைக்கோடு நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. "இதென்ன தம்பி, இது கோடா? பாம்பு போன மாதிரி இரிக்கி" என்று என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு, பேணியைக் கேட்டுக் கையை நீட்டினார். செக்ரட்டரி கொடுத்தார். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டதாக நான் காணவில்லை. அன்றைக்கு அரைநேரத்தில் தோடம்பழத் தட்டு முதலில் காக்காவிடம் போனதை மட்டும் கண்டேன்.

லீக் இழுத்துப் பறித்துக்கொண்டு போரைத் தாண்டியது. செக்ரட்டரி தாண்டவில்லை. நோயில் படுத்து, போர் முடியுமுன்பே போய்ச் சேர்ந்தார். கடைசிவரை என்னோடு இருந்து ஒரு தேத்தண்ணி குடித்தவரல்லர். அதற்குப் பிறகும் இரண்டு தரம் எனக்குத் தண்டம் போட்டார். முகம் கொடுத்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் என்னை எதிர்த்து நின்ற ஒருவர், என் மரியாதை என் ஆட்களிடம் குறைந்துவிடக்கூடாதென்று பார்த்ததை, அவருக்குப் பின் நான் எவரிடமும் காணவில்லை.

என்னிடமும் காணவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இப்போது லீக்கின் செக்ரட்டரி நான். மைதானத்துக்குக் கோடு போட இயந்திரம் வந்துவிட்டது. காக்கா ஓய்வு பெற்றபோது என் கையில் தந்துவிட்டுப் போன பால்மாப் பேணி, லீக் அறை அலுமாரிக்கு மேல் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் விளையாட்டுக்காரரின் பேச்சாளன் ஒரு கடிதத்தோடு வந்தான். கெட்டிக்காரன், கொஞ்சம் வாய்க்காரன். நிர்வாகிகள் வெளியூர்ப் பயணத்துக்கு எடுக்கும் காசைக் குறைத்து, "களத்தில் இறங்கி விளையாடிய ஒவ்வொருவருக்கும்" பகிர வேண்டும் என்று கேட்டிருந்தான். இப்போது களத்துக்கு வெளியே காத்திருக்கும் மேலதிக வீரர்களுக்கும் சிறு தொகை கொடுக்கிறோம். அவன் எழுதிய வசனப்படி அவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. வாசித்த உடனே எனக்குப் பிடிபட்டது. பிடிபடாமல் போகுமா?

"யோசிச்சு எழுதினதோ?" என்று கேட்டேன். "ஓம் சேர்" என்றான். இரண்டாம் தரம் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. "அப்ப வெளியில குந்தியிருக்கிற ஏழு பேரும் காத்தைக் குடிக்கிறதோ?" என்றேன். நிர்வாகக் குழு கொல்லென்று சிரித்தது. வாசலில் நின்ற அவனுடைய ஆட்களில் மேலதிக வீரர்களும் இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை, அவனைப் பார்த்தார்கள். அவன் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அன்றைக்கு முழுக்க என் கெட்டித்தனத்தை நினைத்து நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அவன் பயிற்சிக்கு வரவில்லை. அவனுடைய ஆட்கள் வேறு பேச்சாளனைத் தேடவுமில்லை. ஒவ்வொருவனும் தனித்தனியாக வந்து என் அறையில் கத்திவிட்டுப் போகிறான்.

இன்று பின்னேரம் அலுமாரிக்கு மேலிருந்து பேணியை இறக்கினேன். துளைகளில் பழைய சுண்ணாம்பு இறுகிக் கிடந்தது. தட்டியபோது கொஞ்சம் உதிர்ந்து என் சப்பாத்தில் விழுந்தது. துடைக்க மனம் வரவில்லை. அந்தப் பொடியனின் வீடு ஆஸ்பத்திரி றோட்டுக்குப் பின்னால் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். மூதூர் காப்டன் பேனையை நீட்டிக்கொண்டு சொன்னது காதில் கேட்டபடியே இருக்கிறது. பிழை விட்ட ஆளே போய்க் கூட்டிட்டு வரட்டும். விடிந்ததும் போகப்போகிறேன்.